எஞ்சினுக்குள் ஒரு மடக்கை அட்டவணை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல, வண்டிக்குப் பின்னால் நடந்து போகிறவர்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

மடக்கை அட்டவணையைப் புரட்டிய நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2.345க்கு மடக்கை வேண்டும் என்றால் என்ன செய்வோம்? 23 என்ற வரிசையில் 4 என்ற நிரலுக்கு நேரே 3692 இருக்கும். வலது ஓரத்தில் ‘சராசரி வித்தியாசம்’ என்ற பகுதியில் 5க்கு நேரே 9 இருக்கும். இரண்டையும் கூட்டினால் 3701. விடை 0.3701. அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணுக்கு, அக்கம்பக்கத்து எண்களை வைத்து விடை காணும் வித்தை இது.

உங்கள் காருக்குள் இருக்கும் சிறிய கணினி இந்த வேலையைத்தான் ஒவ்வொரு விநாடியும் பல முறை செய்துகொண்டிருக்கிறது. 2020க்குப் பிறகு வாங்கிய பெரும்பாலான பைக்குகளிலும் அப்படித்தான். எஞ்சினுக்கு இந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணை எப்படி வந்தது, அதை யார் நிரப்புகிறார்கள், யாருக்காக நிரப்புகிறார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு துளைக்கு ஒரு விடை

முதலில் கொஞ்சம் வேதியியல். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிடக் கூடினால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள். குறைந்தால் ‘லீன்’. ரிச்சாக ஓடினால் பெட்ரோல் வீணாகும், சைலன்சர் வழியே கார்பன் மோனாக்சைடு கொட்டும். லீனாக ஓடினால் வண்டி திக்கும், இழுக்காது. முழுச் சுமையில் தொடர்ந்து லீனாக ஓடினால் சூடு ஏறி பிஸ்டனே போய்விடும்.

சரி, எப்போதும் 14.7 கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போது 12.5 அல்லது 13 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்று கொடுத்தால்தான் முழு சக்தியும் வரும், எஞ்சினும் குளிர்ச்சியாக இருக்கும். ஆக, கேள்வி ஒன்றுதான். ஆனால் விடை சந்தர்ப்பத்துக்குச் சந்தர்ப்பம் மாறுகிறது.

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லிவந்தது கார்புரேட்டர். ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் பெட்ரோலைத் துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரைச் செய்தார். குறுகலான குழாயில் காற்று வேகமாகப் போனால் அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவு ஜெட் என்ற நுண்துளை வழியே பெட்ரோலை உறிஞ்சும். பெர்னூலி தத்துவத்துக்குக் கரும்பலகையில் நான் வரைந்த அதே படம்தான். எளிமையான, அழகான ஏற்பாடு.

ஆனால் ஒரு துளையால் ஒரு விடைதான் சொல்ல முடியும். எனவே ஐடிலுக்குத் தனித் துளை, ஓட்டத்துக்குத் தனித் துளை, திடீரென்று முறுக்கினால் பீய்ச்ச ஒரு சிறு பம்பு, குளிர் காலத்துக்கு சோக் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அப்படியும் ஊட்டிக்கு ஏறினால் கணக்கு தவறும். மேலே காற்று அடர்த்தி குறைவு. ஜெட் அதே அளவுக்குப் பெட்ரோல் விடும். அந்தக் காலத்து கார்கள் மலை ஏறும்போது கரும்புகை விட்டு மூச்சு வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரில் கார்புரேட்டரின் பலவீனம் உயிர்ப் பிரச்சினை ஆனது. 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் கார்புரேட்டர் வைத்த மெர்லின் எஞ்சின். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின். ஜெர்மன் விமானி மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்து தப்பித்துவிடுவார். துரத்துகிறவர் அதே போலக் குத்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எழும்பி எஞ்சின் ஒரு கணம் அடங்கிவிடும். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் தடுப்பைச் சேர்த்து 1941இல் இதைப் பெருமளவு சமாளித்தார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட. 1954இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கார், போஷ் நிறுவனத்தின் பம்பை வைத்து, பெட்ரோல் பீய்ச்சும் முறையோடு சாலைக்கு வந்தது. ஆனால் அது பணக்காரர்களின் வேகக் கார். சாதாரணக் குடும்பத்தின் கார் கார்புரேட்டரோடுதான் ஓடியது.

லாஸ் ஏஞ்சல்ஸில் எரிந்த கண்கள்

இதுவரை இந்தக் கதையில் இரண்டு பேருடைய விருப்பம்தான் பேசப்பட்டது. ஓட்டுகிறவருக்கு இழுவை வேண்டும். அவருடைய சட்டைப்பைக்கு மைலேஜ் வேண்டும். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் உறைத்தது. அவர் சாலையோரத்தில் மூச்சு விடுகிறவர்.

1943 ஜூலையில் அந்த நகரத்தைப் பழுப்பு மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் அல்லவா? ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்றுகூடச் சிலர் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலைமீது பழி விழுந்தது. அதை நிறுத்தியும் மூட்டம் போகவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்த வேதியியலாளர், கால்டெக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர். அன்னாசிப் பழத்துக்கு மணம் தருவது எது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே முறையில் ஊர்க் காற்றை ஆராய்ந்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். வளைத்து வைத்த ரப்பர் துண்டு எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்று பார்த்தே ஓசோனை அளந்தார். நம் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய அளவுக்கு எளிமையான சோதனை! கார் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானதும் இவர்தான்.

1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. புதிய கார்களின் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 1975க்குள் 90 சதவீதம் குறைய வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடு அடுத்த ஆண்டுக்குள் குறைய வேண்டும் என்றது. முடியாது என்று கம்பெனிகள் முறையிட்டுக் கெடுவை நீட்டிக்கொண்டன. ஆனால் திசை மாறிவிட்டது.

தராசு முள்

மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் யோசனை அதற்கு முன்பே உண்டு. அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம் 1957இல் ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்று ஒன்றை அறிவித்தது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் சில பத்துக் கார்களில் அது போனது. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்கள் காரின் சூட்டையும் குலுக்கலையும் தாங்கவில்லை. பெரும்பாலானவற்றில் திரும்பக் கார்புரேட்டரே மாட்டப்பட்டது. பென்டிக்ஸின் காப்புரிமைகளை அடிப்படையாகக் கொண்டு போஷ் 1967இல் ‘டி-ஜெட்ரானிக்’ முறையை வோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் புகை விதிகள்தான் அதற்கு வழி திறந்தன. அதில் இன்று நாம் சொல்லும் கணினி இல்லை. டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் சேர்ந்த சுற்று மட்டுமே.

அடுத்து வந்தது வினையூக்கி மாற்றி. மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் மாற்றி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. கலவை 14.7ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் லீன் ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். கொஞ்சம் ரிச் ஆனால் மற்ற இரண்டும் தப்பிவிடும். ஜெட் துளையால் இந்தத் துல்லியத்தைத் தர முடியுமா?

1976இல் வோல்வோவும் போஷும் சேர்ந்து விடை கொண்டுவந்தன. புகைக்குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார். சிர்க்கோனியா என்ற பீங்கான் பொருளின் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் வரும். கலவை ரிச் என்றால் சுமார் 0.9 வோல்ட், லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அதற்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். தராசு முள் மாதிரி. முள் இந்தப் பக்கம் சாய்ந்தால் கொஞ்சம் குறை, அந்தப் பக்கம் சாய்ந்தால் கொஞ்சம் கூட்டு. இப்படி இரு பக்கமும் ஆடி ஆடியே சராசரியில் நடுவில் நிற்கும்.

1979இல் போஷின் ‘மோட்ரானிக்’ பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது. பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே மைக்ரோபிராசஸர் கவனித்தது. விடைகள் இப்போது துளையில் இல்லை, மின்தடையிலும் இல்லை. நினைவகத்தில் எண்களாக, கட்டம் கட்டமாக இருந்தன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு இல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லையே!

1600 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டர் 400 சிசி, அதாவது 0.4 லிட்டர். 27 டிகிரி வெப்பத்தில், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்பாது. 80 சதவீதம் நிரம்புகிறது என்று வையுங்கள். காற்றின் எடை 0.4 × 1.16 × 0.8 = 0.371 கிராம். 14.7ஆல் வகுத்தால் 0.025 கிராம். அதாவது 25 மில்லிகிராம் பெட்ரோல். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவான அளவு!

நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 25 முறை இதைக் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் விடக்கூடிய இன்ஜெக்டர் என்றால், அது சுமார் 10 மில்லிவிநாடி திறந்திருந்தால் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கில் எல்லாம் சூத்திரத்தில் வந்துவிடுகிறது, ஒன்றைத் தவிர. அந்த 80 சதவீதம். சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்பது வால்வு திறக்கும் நேரம், காற்றுக் குழாயின் நீளம், புகைக்குழாயில் எதிரொலிக்கும் அழுத்த அலைகள் எல்லாவற்றையும் பொறுத்தது. 2000 சுற்றில் 70 இருக்கும், 4000 சுற்றில் 88 இருக்கும், 6000இல் மறுபடி இறங்கும். இதைக் காகிதத்தில் சரியாகக் கணக்கிட முடியாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளந்ததை எழுதி வைக்கும் இடம்தான் அட்டவணை. கிடைவாக்கில் சுழற்சி வேகம், செங்குத்தாகச் சுமை, அதாவது காற்றுக் குழாயின் அழுத்தம்.

ஓர் உதாரணம். 60 கிலோபாஸ்கல் வரிசையில் 2000 சுற்றுக்கு 70, 2500க்கு 75. 70 கிலோபாஸ்கல் வரிசையில் 2000க்கு 74, 2500க்கு 79. வண்டி இப்போது 2100 சுற்றில், 65 கிலோபாஸ்கலில் ஓடுகிறது. 2100 என்பது ஐந்தில் ஒரு பங்கு தூரம். எனவே முதல் வரிசையில் 71, இரண்டாவதில் 75. இரண்டுக்கும் நடுவில் 73. நம் சராசரி வித்தியாசம்தான், இரண்டு திசையிலும்! அதன்மேல் எஞ்சினின் சூடு, காற்றின் வெப்பம், பேட்டரி வோல்ட் எல்லாவற்றுக்கும் சிறு சிறு திருத்தங்கள் செய்து கணினி இன்ஜெக்டரைத் திறக்கும்.

கட்டங்களை நிரப்புகிறவர்கள்

மடக்கை அட்டவணையை நேப்பியரும் பிரிக்ஸும் மூளையால் கணக்கிட்டார்கள். எரிபொருள் அட்டவணையை அப்படி நிரப்ப முடியாது. எஞ்சினை டைனமோமீட்டர் என்ற சுமைக் கருவியில் பூட்டி, ஒரு வேகத்தில், ஒரு சுமையில் நிறுத்தி, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, புகையை அளந்து, ஒரு கட்டத்தில் ஓர் எண் எழுத வேண்டும். பிறகு அடுத்த கட்டம். அதன்பின் பனிக்காலத்தில் வட ஸ்வீடனின் அர்யப்லோக், வெயிலுக்கு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு என்று வண்டியைக் கொண்டுபோய் மறுபடி சரிபார்ப்பார்கள். நாம் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புகிறதே, அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய பொறுமை இருக்கிறது.

2001இல் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் ‘மெகாஸ்குவர்ட்’ என்ற சிறு கணினியை வெளியிட்டார்கள். பாகங்களை வாங்கி, நாமே சால்டர் வைத்துச் செய்துகொள்ளலாம். அதில் 8க்கு 8, அதாவது 64 கட்டங்கள். பழைய கார் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பக் கற்றார்கள். பக்கத்துக் கட்டங்களோடு ஒத்துப்போகாமல் ஓர் எண் திடீரென்று துருத்தினால் வண்டி அங்கே குலுங்கும். அட்டவணை சீரான மலைச்சரிவு போல இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கையால் தெரிந்துகொண்டார்கள். கற்பதற்கு இதைவிட நல்ல வழி உண்டா?

அட்டவணை பொய் சொன்னபோது

இப்போது முக்கியமான இடம். ஆக்சிஜன் சென்சார் எல்லா நேரமும் காவல் காப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், முழுசாக முறுக்கும்போதும் கணினி பொதுவாக அதன் பேச்சைக் கேட்பதில்லை. அட்டவணை சொன்னதுதான் சட்டம். அங்கே எழுதியவரின் நேர்மையைத் தவிர வேறு காவல் கிடையாது.

1991 முதல் 1995 வரை ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற காடிலாக் கார்கள் சிலவற்றில் ஏர்கண்டிஷனரைப் போட்டால் எஞ்சின் அணைந்துபோகும் குறை இருந்தது. கம்பெனி கணினிச் சில்லை மாற்றியது. ஏர்கண்டிஷனர் ஓடும்போது பெட்ரோல் அதிகமாகப் போகும்படி செய்தது. குறை தீர்ந்தது. ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சி. அரசு அளித்த புகைச் சான்றிதழுக்கான சோதனை ஏர்கண்டிஷனரை நிறுத்திவைத்துத்தான் நடக்கும். ஆகவே அங்கே எதுவும் தெரியவில்லை. சாலையில் கார்பன் மோனாக்சைடு அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு வரை போனது என்றது அமெரிக்க அரசு. 1995இல் சமரசம் ஏற்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1.1 கோடி டாலர் அபராதம் உட்பட சுமார் 4.5 கோடி டாலர் செலவிடவும், 4 லட்சத்து 70 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யவும் சம்மதித்தது.

இருபது ஆண்டுகள் கழித்து வோக்ஸ்வேகன் டீசல் கார்களில் வந்தது இதைவிடப் பெரிய விவகாரம். டீசலுக்கு 14.7 கணக்கு கிடையாது. ஆனால் அங்கேயும் ஆட்சி செய்வது அட்டவணைகள்தான். சோதனைக் கூடத்தில் இருக்கிறோமா, சாலையில் இருக்கிறோமா என்று மென்பொருளே கண்டுபிடித்து, சோதனையில் ஒழுங்காகவும் சாலையில் வேறு விதமாகவும் நடந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு அளவுக் கருவியைக் காரிலேயே கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பெயரைப் பார்த்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்.

இரண்டு கதையிலும் இயந்திரம் எந்தத் தவறும் செய்யவில்லை. எழுதிய எண்ணை அது நிறைவேற்றியது. ஏமாந்தவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லை, சாலையோரத்தில் இருந்தார்.

நம் வாசலில்

நம் நாட்டில் 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்குப் புகை விதிகளை விரைவுபடுத்தியபோதுதான் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற சொல் வீட்டுக்கு வீடு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நாடு முழுக்க வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி நான்கிலிருந்து ஆறுக்கே போனோம். சாதாரண ஸ்கூட்டியின் சைலன்சருக்குள்ளும் ஆக்சிஜன் சென்சார் புகுந்தது.

இப்போது மாணவர்களில் சிலர் கேட்கிறார்கள். “சார், லேப்டாப்பை மாட்டி மேப் மாத்திக் கொடுக்குறாங்க. பிக்கப் சூப்பரா ஏறுதாம். செய்யலாமா?” ஒர்க்‌ஷாப் நடத்தும் மாணவர்களே, உங்களிடமும் வாடிக்கையாளர் கேட்பார்கள். என் பதில் மூன்று கேள்விகள்.

ஒன்று, எந்தக் கட்டங்களில் என்ன எண்ணை மாற்றினார்கள்? முன்பு என்ன, இப்போது என்ன என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு, எந்தக் கருவியில் அளந்து மாற்றினார்கள்? வேறு யாருடைய வண்டிக்கோ போட்ட எண்ணை உங்கள் வண்டியில் ஒட்டினால் அது அட்டவணை இல்லை, காப்பியடித்த விடைத்தாள். மூன்று, வினையூக்கி மாற்றியும் சென்சாரும் இருக்கின்றனவா, அவற்றைக் கழற்றிவிட்டுக் கணினியை ஏமாற்ற ஏதாவது சொருகியிருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இழுவை கூடினால் உங்களுக்கு உடனே தெரியும். மைலேஜ் குறைந்தால் மாதக் கடைசியில் தெரியும். புகையில் நச்சு மூன்று மடங்கானால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைச் சொல்ல அளவுக் கருவியும் சட்டமும் வேண்டியிருந்தன. ஹாகன்-ஸ்மிட்டின் ரப்பர் துண்டிலிருந்து உங்கள் ஸ்கூட்டியின் சென்சார் வரைக்கும் ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆனது. அந்த எழுபது ஆண்டு உழைப்பை ஒரு மதிய வேளையில் அழித்துவிடலாம். ஒரு லேப்டாப் போதும்.

சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆராய்ச்சி மையங்களில் எஞ்சின் அளவீட்டு வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு கட்டத்தை நிரப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எப்படி அளக்கிறீர்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பள்ளியில் படிக்கும் பேரன் பேத்திகளுக்கு அந்த 73 எப்படி வந்தது என்று காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்